சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு

டொயோட்டா 1993-ல் சுப்ரா காரின் நான்காம் தலைமுறையை விற்பனைக்கு விட்டபோது, அதன் உச்ச வகையில் 2ஜேஇசட்-ஜிடிஇ என்ற எஞ்சின் இருந்தது. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், 2997 சிசி, இரண்டு டர்போ. ஜப்பானில் விற்ற காருக்கு 280 குதிரைசக்தி, அமெரிக்காவுக்குப் போன காருக்கு 320. ஜப்பானியக் கார் கம்பெனிகள் 280-க்கு மேல் விளம்பரம் செய்வதில்லை என்று தங்களுக்குள் வைத்திருந்த வாய்மொழி உடன்பாடு இதற்கு ஒரு காரணம். ஆனால் வித்தியாசம் காகிதத்தோடு நிற்கவில்லை. டர்போ வேறு, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் வேறு. உள்நாட்டுக் காரில் 440 சிசி இன்ஜெக்டர், ஏற்றுமதிக் காரில் 550 சிசி.

இந்த சிசி எஞ்சினின் சிசி அல்ல. இன்ஜெக்டரை மூடாமல் திறந்தே வைத்தால், குறிப்பிட்ட அழுத்தத்தில், ஒரு நிமிடத்தில் எத்தனை கன சென்டிமீட்டர் எரிபொருள் கொட்டும் என்பதன் அளவு. ஓர் எஞ்சினின் சக்தியைக் கூட்ட நினைப்பவர் டர்போவை மாற்றுவார், இன்டர்கூலரைப் பெரிதாக்குவார், எக்சாஸ்ட் குழாயை அகலப்படுத்துவார். இவை அத்தனையும் காற்றுக்கான வேலை. காற்று கூடினால் அதற்கு ஈடாகப் பெட்ரோலும் கூட வேண்டும். ஆகவே கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை சிசி இன்ஜெக்டர் போடுவது?

சுப்ராவையே எடுத்துக்கொள்வோம். இந்த எஞ்சினின் வார்ப்பிரும்பு பிளாக் தொழிற்சாலை சக்தியைப் போல இரு மடங்கைத் தாங்கிக் காட்டியதால்தான், முப்பது வருடம் கழித்தும் உலகெங்கும் பட்டறைகளில் அதற்கு மவுசு குறையவில்லை. நம் ஆள் 600 குதிரைசக்தி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த வட்டாரத்தில் அது பேராசை இல்லை, நடுத்தர ஆசைதான்.

கணக்கின் முதல் படி சுலபம். டர்போ பொருத்திய பெட்ரோல் எஞ்சின், முழுச் சுமையில், ஒரு குதிரைசக்தியை ஒரு மணி நேரம் தர ஏறக்குறைய 270 கிராம் பெட்ரோல் குடிக்கும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு 230 கிராம் அளவில் போதும். டர்போக்காரர்கள் கூடுதலாகச் செலவழிக்கும் அந்த நாற்பது கிராமில் ஒரு பகுதி எரிவதற்காகப் போவதில்லை. ஆவியாகும்போது சிலிண்டருக்குள் சூட்டைத் தணிக்கட்டும் என்று வேண்டுமென்றே கலவையைக் கெட்டியாக வைக்கிறார்கள். பெட்ரோலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.74 கிராம் என்று கொண்டால், ஒரு குதிரைசக்திக்கு நிமிடத்துக்கு 6.1 சிசி. அறுநூறுக்கு 3660. ஆறு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் தலைக்கு 610.

உடனே 610 சிசி வாங்கக் கிளம்பிவிடக் கூடாது. இன்ஜெக்டர் தண்ணீர்க் குழாய்போலத் திறந்தே கிடப்பதில்லை. அதற்குள் ஒரு கம்பிச்சுருள், ஒரு சிறு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மூடிக் கிடக்கும் ஊசி. சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் ஊசி மேலே எழும்பும். எழும்பும் உயரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த இடுக்கு வழியாகப் பெட்ரோல் வெளிவந்து, முனையில் உள்ள நுண்துளைத் தகட்டில் சிதறி, இன்டேக் வால்வின் முதுகில் படிகிறது. மின்சாரம் நின்றால் ஊசி மறுபடி உட்கார்ந்துவிடும். சுழற்சிக்கு ஒரு முறை இப்படித் திறந்து மூட வேண்டும். 6800 ஆர்பிஎம்மில் இந்த எஞ்சினின் ஒரு முழுச் சுழற்சிக்கு, அதாவது இரண்டு சுற்றுக்கு, ஆகும் நேரம் 17.6 மில்லி விநாடி. அதில் எவ்வளவு நேரம் இன்ஜெக்டர் திறந்திருக்கிறது என்ற விகிதத்தை டியூட்டி சைக்கிள் என்பார்கள். 85 சதவீதம் என்றால் 15 மில்லி விநாடி திறப்பு, மீதி இரண்டரையில் மூடி மறுபடி திறக்கத் தயாராக வேண்டும். அதற்கு மேல் நெருக்கினால் ஊசி சரியாக உட்காராமலேயே அடுத்த உத்தரவு வந்துவிடும். எவ்வளவு பெட்ரோல் போகிறது என்பது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரின் கட்டுப்பாட்டில் இருக்காது. ஆகவே 610-ஐ 0.85-ஆல் வகுத்தால் 718. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 725 அல்லது 750. பெரும்பாலான பட்டறைகளின் கணக்கு இங்கே முடிந்துவிடுகிறது.

இதே கணக்கை டொயோட்டாவின் பக்கம் திருப்பிப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். 280 குதிரைசக்திக்கு ஒவ்வொரு இன்ஜெக்டரும் தர வேண்டியது 285 சிசி. அவர்கள் போட்டது 440. அதாவது உச்சத்திலும் 65 சதவீதத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஏற்றுமதிக் காரில் அது 60-க்கும் கீழே. பந்தயக்காரர் விட்டு வைப்பது 15 சதவீத இருப்பு, தொழிற்சாலை விட்டு வைப்பது 35, 40. ஏனென்றால் அவர்கள் விற்கும் கார் உறைபனியிலும் கிளம்ப வேண்டும், பாலைவனத்திலும் ஓட வேண்டும். பத்து வருடம் கழித்துப் பாதி அடைத்துப்போன இன்ஜெக்டரோடும், தேய்ந்துபோன பம்ப்போடும் ஓட வேண்டும். டியூனிங் தொழில் முழுவதும் இந்த இருப்பைத் தின்றுதான் பிழைக்கிறது என்று சொன்னால் அந்தத் தொழிலில் இருப்பவர்களே மறுக்க மாட்டார்கள்.

சரி, 750 போதும் என்று கணக்கு சொல்கிறது. ஆசை யாரை விட்டது? நாளைக்கே 1000 குதிரைசக்தி வேண்டும் என்று தோன்றினால் மறுபடி செலவு. இப்போதே 2000 சிசி போட்டுவிட்டால் ஒரேயடியாகக் கவலை தீர்ந்ததே என்று பலரும் நினைக்கிறார்கள். பெரிதாக இருந்தால் என்ன, தேவையான நேரம் மட்டும் திறக்கச் சொன்னால் போயிற்று என்பது அவர்கள் வாதம். தர்க்கத்தில் குறையில்லை. குறை இருப்பது நேரத்தில்.

இதே எஞ்சின் சிக்னலில் சும்மா நின்று 700 ஆர்பிஎம்மில் ஓடிக்கொண்டிருக்கட்டும். மூன்று லிட்டர் எஞ்சின் ஐட்லிங்கில் மணிக்குச் சுமார் 1.2 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 20 சிசி. நிமிடத்தில் 350 சுழற்சி, ஆறு சிலிண்டர், ஆக 2100 பீய்ச்சல். ஒரு பீய்ச்சலுக்கு 0.0095 சிசி. மருந்துக் குப்பியின் சொட்டுக்குழாயிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 சிசி. அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் அளந்து கொடுக்க வேண்டும். 600 குதிரைசக்தியில் ஓடும்போது தர வேண்டியதோ 0.18 சிசி. ஒரே கருவி, ஒன்றுக்கு பத்தொன்பது என்ற வீச்சில், இரு முனையிலும் துல்லியமாக அளக்க வேண்டும்.

550 சிசி இன்ஜெக்டர் ஒரு மில்லி விநாடிக்கு 0.0092 சிசி கொட்டும். ஆகவே ஐட்லிங்கில் அது திறந்திருக்க வேண்டிய நேரம் ஒரு மில்லி விநாடிக்குச் சற்று மேல். 1000 சிசி என்றால் 0.57 மில்லி விநாடி. 2000 சிசி என்றால் 0.29. இதோடு இன்னொரு நேரம் சேர்கிறது. கம்ப்யூட்டர் மின்சாரம் கொடுத்த கணத்தில் ஊசி எழும்புவதில்லை. சுருளில் காந்தப்புலம் வளர வேண்டும், ஸ்பிரிங்கையும் பெட்ரோலின் அழுத்தத்தையும் அது மீற வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி போய்விடும். இதை டெட் டைம் என்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது: பேட்டரி 14 வோல்ட் என்றால் டெட் டைம் இவ்வளவு, 12 வோல்ட் என்றால் இவ்வளவு, 10 என்றால் இவ்வளவு. வோல்ட்டேஜ் குறையக் குறைய ஊசி சோம்பலாக எழும்பும், அட்டவணை அதற்கேற்பக் கூட்டிக் கொடுக்கும். இந்த அட்டவணை இன்ஜெக்டருக்கு இன்ஜெக்டர் வேறு. பழைய இன்ஜெக்டரின் அட்டவணையை வைத்துக்கொண்டு புதியதைப் பொருத்தினால் என்ன ஆகும் என்பதைப் பட்டறை வாசலில் பத்து நிமிடம் நின்றாலே பார்த்துவிடலாம்.

கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது, சூடேறிவிட்டது, ஐட்லிங் ஒருவாறு நிலைத்துவிட்டது. கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் பச்சை. டியூனர் நிமிர்ந்து முதுகைச் சொடுக்கிக்கொள்கிறார். அப்போது ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்குகிறது. ஹெட்லைட் ஒரு கணம் மங்குகிறது, வோல்ட்டேஜ் 14-லிருந்து 13-க்கு இறங்குகிறது. ஊசி எழும்ப இன்னும் 0.1 மில்லி விநாடி கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. அட்டவணைக்கு அது தெரியாததால் அந்த நேரம் பீய்ச்சலிலிருந்து கழிகிறது. 550 சிசி இன்ஜெக்டருக்கு இது பத்து சதவீதப் பெட்ரோல் இழப்பு. எஞ்சின் லேசாக முனகிவிட்டு, ஆக்சிஜன் சென்சாரின் துணையோடு தேறிக்கொள்ளும். 2000 சிசிக்கு இழப்பு 35 சதவீதம். கலவை எரியும் எல்லையைத் தாண்டி மெலிந்துவிடுகிறது. எஞ்சின் இரண்டு தடவை குலுங்கி, மிஸ்ஸிங் அடித்து, நின்றுபோகிறது. நின்றதும் ஃபேனும் ஓய்கிறது. மறுபடி சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் வோல்ட்டேஜை 10 வரை இழுத்துவிடும், அங்கே அட்டவணைப் பிழை இன்னும் பெரிது. லட்சக்கணக்கில் செலவழித்த கார், நாலு பேர் பார்க்கும்போது, கிளம்ப மறுக்கிறது.

சங்கில் புகட்ட வேண்டிய பாலைக் குடத்தால் புகட்டுகிற கதைதான். குடத்திலும் பால்தான் இருக்கிறது. சாய்க்கிற கைக்குத்தான் அந்த நிதானம் வராது.

இன்ஜெக்டர் தேர்வில் நான் கண்டவரை பெரும்பாலோர் உச்சத்தைப் பார்த்தே தொடங்குகிறார்கள், உச்சத்திலேயே நின்றும்விடுகிறார்கள். உச்சக் கணக்கைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் போட்டுவிடும், ஒரு பெருக்கல், இரண்டு வகுத்தல். ஓர் இன்ஜெக்டரின் தரம் தெரிவது அடிமட்டத்தில், அது நம்பிக்கையாக அளந்து தரக்கூடிய மிகச் சிறிய அளவு எது என்பதில். திறப்பு நேரம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ஊசி முழு உயரம் எழும்புவதற்குள்ளாகவே இறங்கச் சொல்லி உத்தரவு வந்துவிடும். அந்தப் பிரதேசத்தில் நேரத்தைப் பாதியாக்கினால் பெட்ரோல் பாதியாகாது. கால்வாசியாகலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். ஒரே பெட்டியில் வந்த ஆறு இன்ஜெக்டரும் ஆறு விதமாக நடந்துகொள்வதும் அங்கேதான்.

இந்தச் சிக்கல் மின்னணுப் பீய்ச்சலுடன் கூடவே பிறந்தது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957-ல் எலக்ட்ரோஜெக்டர் என்ற பெயரில் இதை அறிவித்தது. 1958 மாடல் கிரைஸ்லர் குழும கார்கள் சிலவற்றில் வந்தது. மொத்தம் சுமார் 35 கார், அவற்றிலும் பெரும்பாலானவற்றில் பிறகு அதைக் கழற்றிவிட்டுக் கார்ப்ரேட்டர் மாட்டிக்கொண்டார்கள். யோசனை சரி, அதைத் தாங்கும் மின்னணுச் சாமான்கள் அந்தக் காலத்தில் இல்லை. அந்தக் காப்புரிமைகளின் மேல் கட்டி போஷ் 1967-ல் கொண்டுவந்த டி-ஜெட்ரானிக், ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் ஏறி, ஆயிரக்கணக்கில் ஓடியது. அதன் பிறகு கார்ப்ரேட்டரின் நாள்கள் எண்ணப்பட்டுவிட்டன. நம் ஊரில் அதற்கு 2000-ஐ ஒட்டிய ஆண்டுகள் ஆயின. கார்களின் பின்பக்கத்தில் எம்பிஎஃப்ஐ என்று ஒட்டிக்கொண்டு பெருமைப்பட்ட காலம் பலருக்கு நினைவிருக்கும். பைக்குகளுக்கு அது பெருவாரியாக வந்தது 2020-ல், பிஎஸ்-6 விதிகளோடு.

சுப்ரா போன்ற கார்களை மாற்றியமைக்கத் தொடங்கிய 1990-களில் பெரிய இன்ஜெக்டர் என்றாலே முரட்டுச் சாதனம். பெரிய ஊசி, பெரிய சுருள், மந்தமான அசைவு. அதை வேகமாக எழுப்ப, மின்தடை குறைவான சுருளைச் சுற்றினார்கள், இரண்டு மூன்று ஓம். 14 வோல்ட்டில் அது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். சாதாரணக் காரின் இன்ஜெக்டர் 12 முதல் 16 ஓம், இழுப்பது ஒரு ஆம்பியர் அளவு. சாதாரணக் காரின் கம்ப்யூட்டரில் குறைந்த ஓம் இன்ஜெக்டரை நேரடியாக இணைத்தால், அதை ஓட்டும் டிரான்சிஸ்டர் கருகும். ஆகவே இடையில் ஒரு ரெசிஸ்டர் பெட்டியைக் கோப்பார்கள், அல்லது முதலில் நாலு ஆம்பியர் கொடுத்துத் தூக்கி, பிறகு ஒரு ஆம்பியரில் பிடித்து வைக்கும் தனி டிரைவர் வாங்குவார்கள். இன்று நல்ல உயர் ஓம் இன்ஜெக்டர்கள் எல்லா அளவிலும் கிடைப்பதால் இந்தத் தலைவலி ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. பழைய பாகங்களை மலிவாக வாங்குபவர் மட்டும் ஒரு மல்டிமீட்டரை எடுத்து இரண்டு பின்னுக்கும் நடுவே அளந்து பார்த்துவிடுவது நல்லது.

மந்தமான பெரிய இன்ஜெக்டர் மட்டுமே கிடைத்த காலத்தில் இரு முனைப் பிரச்சினைக்கு மஸ்தா ஒரு நேர்மையான தீர்வு கண்டிருந்தது. அவர்களின் ஆர்எக்ஸ்-7 காரில், 1990-களின் தலைமுறையில், இரண்டு ரோட்டருக்கு நான்கு இன்ஜெக்டர். 550 சிசி இரண்டு, 850 சிசி இரண்டு. சிறியவை எப்போதும் வேலை செய்யும். பெரியவை சுமை ஏறும்போது மட்டும் வந்து சேரும். ஐட்லிங்கைப் பற்றிப் பெரிய இன்ஜெக்டர் கவலைப்படவே வேண்டாம்.

இனி அழுத்தம். இன்ஜெக்டரை மாற்றாமலே கூடுதல் பெட்ரோல் வாங்க ஒரு குறுக்கு வழி உண்டு, பெட்ரோலின் அழுத்தத்தைக் கூட்டுவது. ஆனால் அழுத்தத்தை இரு மடங்காக்கினால் பாய்ச்சல் இரு மடங்காகாது, அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். 3 பாரிலிருந்து 4 பாருக்கு ஏற்றினால் கிடைப்பது 15 சதவீதம். 550 சிசி 635 ஆகும், அவ்வளவுதான். விற்பவர்களின் தந்திரமும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஒருவர் 1000 சிசி என்று எழுதியிருப்பார், அது 4 பாரில் அளந்தது. இன்னொருவரின் 870 சிசி 3 பாரில் அளந்தது. இரண்டும் ஒரே சரக்கு. எந்த அழுத்தத்தில் அளந்தது என்று எழுதாத எண்ணை எண்ணாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டர்போ எஞ்சினில் இன்னொரு சுமை இருக்கிறது. டர்போ 1.5 பார் அழுத்தத்தில் காற்றைத் தள்ளுகிறது என்றால், இன்ஜெக்டரின் முனையில் அந்தக் காற்று எதிர்த்து நிற்கிறது. பாய்ச்சல் குறையாதிருக்க ரெகுலேட்டர் பெட்ரோலின் அழுத்தத்தையும் அதே 1.5 பார் உயர்த்த வேண்டும். 3 பார் 4.5 ஆகிவிடுகிறது. பம்ப்புக்கு அது கடினமான வேலை. 600 குதிரைசக்திக்கு நிமிடத்துக்கு 3660 சிசி என்றோமே, அது மணிக்கு 220 லிட்டர். பெட்டியில் 255 லிட்டர் என்று போட்ட பிரபலமான பம்ப் ஒன்று இருக்கிறது. அழுத்தம் ஏற ஏற எந்தப் பம்ப்பின் பாய்ச்சலும் இறங்கிக்கொண்டே போகும், வோல்ட்டேஜ் குறைந்தால் இன்னும் இறங்கும். 4.5 பாரில் அந்த 255 காகிதத்தில் மட்டுமே இருக்கும். புது இன்ஜெக்டர் வாங்கிப் போட்ட பிறகும் உச்சத்தில் பெட்ரோல் போதவில்லை என்று புலம்புபவர்களில் பலருக்குக் குறை இன்ஜெக்டரில் இல்லை, டேங்குக்குள் இருக்கிறது.

எரிபொருள் மாறினால் கணக்கு முழுவதும் மாறும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிராம் போதும். காற்றின் அளவு அதேதான் என்பதால், எத்தனால் என்றால் கூடுதலாக ஊற்ற வேண்டும். 85 சதவீத எத்தனால் கலந்த இ85 எரிபொருளில், ஏறக்குறைய நாற்பது சதவீதம் கூடுதல். அதைக் கொண்டு ஓட்டுபவர்கள் இந்த இழப்பைப் பொருட்படுத்துவதில்லை, ஏனென்றால் எத்தனால் ஆவியாகும்போது சிலிண்டரைக் குளிர்விக்கிறது, நாக்கிங்கையும் நன்றாகத் தாங்குகிறது. டர்போவை இன்னும் முறுக்கலாம். நம் 718 சிசி இப்போது 1005 ஆகிவிடும். டியூனிங் உலகில் 1000 சிசி என்ற அளவு இவ்வளவு சாதாரணமானதற்கு ஒரு காரணம் இதுதான்.

இந்தியப் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது பரவிவிட்ட இ20-யிலும் இதே வேதியியல்தான், சிறிய அளவில். அதே கலவைக்கு ஏறக்குறைய எட்டு சதவீதம் கூடுதலாகப் பீய்ச்ச வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் காருக்கு இது பொருட்டல்ல. ஆக்சிஜன் சென்சார் கண்டுகொள்ளும், இன்ஜெக்டரில் கைவசம் இருப்பும் உண்டு. ரீமேப் செய்து, அதாவது கம்ப்யூட்டரின் பெட்ரோல் கணக்கை மாற்றி எழுதி, இன்ஜெக்டரை 90 சதவீதத்துக்கு மேல் நெருக்கி வைத்திருக்கும் காருக்கு அந்த எட்டு எங்கிருந்தும் வராது. பழைய பெட்ரோலுக்குச் செய்த மேப், புதிய பெட்ரோலில் உச்சத்தில் மெலிந்து நிற்கும்.

மெலிந்து நிற்பதன் விலை என்ன என்பதைக் கழற்றிப் போட்ட பிஸ்டன் சொல்லும். அதற்கும் முன்னால் ஸ்பார்க் பிளக் சொல்லும். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்பும், அதனிடையே மினுமினுக்கும் பொடிப் புள்ளிகளும் தெரியும். மினுக்குவது அலுமினியம். பிஸ்டனின் தலை கரைந்து பிளக்கில் வந்து ஒட்டியிருக்கிறது. பிறகு பிஸ்டனைக் கழற்றினால் விளிம்பு அரித்து, ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய வரப்பு உடைந்து கிடக்கும். ஆறு சிலிண்டரில் ஒன்றில் மட்டும்! மற்ற ஐந்தும் புத்தம் புதுசுபோல் இருக்கும்.

ஒன்று மட்டும் ஏன்? அந்த ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டர் மற்றவற்றைவிடப் பத்து சதவீதம் குறைவாகக் கொட்டியிருக்கலாம். ஆக்சிஜன் சென்சார் ஆறு சிலிண்டரின் புகையும் கலந்த பிறகு, டர்போவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. ஆறில் ஒன்று பத்து சதவீதம் மெலிந்தால், சராசரியில் தெரிவது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. சக்தியை அளக்கும் டைனோ அறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த திரையில் கோடு நேராகவே போயிருக்கும். சராசரி நலமாக இருந்தது, ஓர் உறுப்பினர் செத்துக்கொண்டிருந்தார்.

அதனால் இன்ஜெக்டரை ஒற்றை ஒற்றையாக வாங்கக் கூடாது, செட்டாக, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த செட்டாக வாங்க வேண்டும். பொருத்திப் பார்த்தார்கள் என்பதிலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: எந்த இடத்தில்? பல கடைகளில் இன்ஜெக்டர்களைச் சோதனை மேடையில் வரிசையாக மாட்டி, முழுதாகத் திறந்து, கண்ணாடிக் குழாய்களில் மட்டம் சமமாக ஏறுவதைக் காட்டிவிட்டு, இதோ பாருங்கள், ஒரு சதவீத வித்தியாசம்கூட இல்லை என்பார்கள். காட்சி அழகுதான். ஆனால் அது உச்சம். இரண்டு மில்லி விநாடிக்கும் கீழே, சின்னச் சின்னத் துடிப்பில், ஆறும் சமமாகக் கொட்டுகின்றனவா என்று சோதித்த தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். வோல்ட்டேஜ் வாரியாக டெட் டைம் அட்டவணை இருக்கிறதா, சிறு துடிப்புக்கான திருத்த எண்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இவற்றைத் தருகிற விற்பனையாளரின் 1000 சிசி, தராதவரின் 1000 சிசியைவிட இரு மடங்கு விலை இருந்தாலும் மலிவுதான். தரவு இல்லாத இன்ஜெக்டரோடு டியூனர் போராடும் நாள்களுக்கும் கூலி உண்டு. இரும்பை வாங்குவதாக நினைக்கிறோம், உண்மையில் வாங்குவது அந்தத் தாளை.

பொருத்தும்போது பார்க்க வேண்டிய மற்றவை சில்லறை. ஓரிங்கின் தடிமன், உயரம், பிளக் சாக்கெட்டின் வகை. பீய்ச்சும் வடிவத்தை மட்டும் சில்லறையில் சேர்க்க முடியாது. சுப்ராவில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு இன்டேக் வால்வு. பீய்ச்சல் இரண்டாகப் பிரிந்து இரண்டு வால்வின் முதுகிலும் விழ வேண்டும். ஒற்றைக் கம்பிபோல் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் போட்டால் நடுவிலிருக்கும் தடுப்புச் சுவரில் மோதி, பெட்ரோல் குட்டையாகத் தேங்கும். உச்சத்தில் அதைக் காற்றின் வேகம் அடித்துக்கொண்டு போய்விடும். குளிர்ந்த எஞ்சினில், ஐட்லிங்கில், புகையும் மணமுமாகத் தெரியும்.

அப்படியானால் நம் 600 குதிரைசக்தி சுப்ராவுக்கு எதைப் போடுவது? பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் 750-க்கு மேல் போகாதீர்கள் என்றிருப்பேன். அப்போது 1600, 2000 என்று விற்ற பெரிய இன்ஜெக்டர்களில் சில, முதலில் இயற்கை எரிவாயுவுக்காகச் செய்யப்பட்டவை. வாயுவுக்குப் பெரிய துளை வேண்டும் என்பதால் அளவு கிடைத்தது, ஆனால் எத்தனாலும் ஈரமும் பட்டால் உள்ளே துருப்பிடித்து ஊசி சிக்கிக்கொள்ளும். இன்று நிலைமை வேறு. உடல் சிறியதாக, ஊசி இலகுவாக, உள்பாகங்கள் துருப்பிடிக்காத எஃகில் வரும் இன்ஜெக்டர்கள், 1000 சிசி அளவிலும் பழைய 550 போல ஐட்லிங்கில் அமைதியாக நிற்கின்றன. ஆகவே 1000 போடலாம், நாளைக்கு எத்தனாலுக்கு மாறினாலும் போதும். 2000 வேண்டாம். 1200 குதிரைசக்தி நிச்சயம் என்பவர் மட்டும் அந்தப் பக்கம் போகட்டும், தெருவில் ஓட்டும் எண்ணமிருந்தால் அவரும் மஸ்தாவின் வழியைத்தான் ஒரு முறை யோசிக்க வேண்டும்.

அந்த வழியை டொயோட்டாவே வேறு காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்தது. 2005-ல் லெக்சஸ் கார்களில் வந்த 2ஜிஆர்-எஃப்எஸ்இ எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு இன்ஜெக்டர், ஒன்று வால்வுக்கு வெளியே, இன்னொன்று நேராகச் சிலிண்டருக்குள். 2019-ல் மறுபடி வந்த சுப்ராவின் ஆறு சிலிண்டர் வகையில் இருப்பது பிஎம்டபிள்யூவின் பி58 எஞ்சின். அதில் சிலிண்டருக்குள் பீய்ச்சுவது மட்டும்தான். அங்கே நேரம் இன்னும் கொடிய எஜமான். வெளியே பீய்ச்சும் இன்ஜெக்டருக்குச் சுழற்சி முழுவதும் அவகாசம் உண்டு, வால்வு மூடியிருந்தாலும் பெட்ரோல் அதன் முதுகில் காத்துக்கிடக்கும். உள்ளே பீய்ச்சுவதற்கோ காற்றை உறிஞ்சும் அடியும், அதைத் தொடர்ந்த அமுக்கத்தின் ஒரு பகுதியும்தான். 6500 ஆர்பிஎம்மில் ஓர் அடி முடிய ஆகும் நேரம் 4.6 மில்லி விநாடி. அதற்குள் முடிக்கத்தான் நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் பீய்ச்சுகிறார்கள். அந்த அழுத்தத்தை உண்டாக்கும் பம்ப்பை எஞ்சினே இயக்குகிறது, அதைப் பெரிதாக்குவது கடினம், செலவும் அதிகம்.

ஆகவே பி58-ல் பெரிய சக்தி கேட்பவர்கள் இன்டேக் மேனிஃபோல்டில் ஆறு துளை போட்டு, பழைய பாணியில் ஆறு இன்ஜெக்டரைச் சேர்த்துவிடுகிறார்கள், அல்லது அவை பொருந்தும்படி செய்த மேனிஃபோல்டையே வாங்கிவிடுகிறார்கள். ஸ்டார்ட் செய்வது, ஐட்லிங், ஊர்ந்து போகிற டிராஃபிக், ஃபேன் சுழலும்போது வோல்ட்டேஜ் இறங்குவது எல்லாம் தொழிற்சாலை இன்ஜெக்டர்களின் பாடு. புதிய ஆறும் டர்போ முழு மூச்சில் தள்ளும்போது மட்டுமே திறக்கும். சொட்டில் ஐந்தில் ஒரு பங்கை அளக்க வேண்டிய வேலை அவற்றுக்கு இல்லை. அங்கே 1000, 1300, 1700 எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், பம்ப் ஈடுகொடுக்கும் வரை.